பெயரைப் பிரகடனஞ் செய்தல் வீண் சுமையா?

கணினிக்குச் செய்நிரல் எழுதுவோரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் பூசல்களுள் ஒன்று பார்வைக்கு மிகச் சிறியது. ஒரு மாறியைப் பயன்படுத்து முன்னர், ‘இப்பெயருடைய மாறியொன்று இந்நிரலில் உண்டு’ என்று பிரகடனஞ் செய்தல் வேண்டுமா, வேண்டாவா என்பதே அது. வேண்டும் என்போர் ஒரு சாரார். பெயரை எழுதிய மாத்திரத்தே மாறி தானே தோன்றிவிடுதல் வசதியன்றோ, பிரகடனம் என்பது பழைய காலத்து அலுவலகப் படிவம் போன்றதொரு வீண் சடங்கன்றோ என்போர் மற்றொரு சாரார். இவ்விரண்டாஞ் சாராரின் குரலே இன்று கல்விக்கூடங்களில் ஓங்கி ஒலிக்கின்றது. அக்குரல் கேட்பதற்கு இனியது. ஆயின், ஆராய்ந்து நோக்குமிடத்து நிலைபெறுவதன்று.

இப்பூசலின் பயனை நேரே அனுபவிப்பவர் இலங்கை மாணவரே. க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயில்வோருக்குப் பாஸ்கல் மொழியும், உயர்தரத்தில் அப்பாடத்தைத் தொடர்வோருக்குப் பைதன் மொழியும் கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. பாஸ்கல், கற்பித்தலையே முதன்மை நோக்கமாகக் கொண்டு நிக்லாஸ் விர்த் என்னும் சுவிற்சர்லாந்துப் பேராசிரியரால் 1970இல் வெளியிடப்பட்டது. அதில் நிரலின் தலைப்பகுதியிலேயே எல்லா மாறிகளையும் அவற்றின் வகையோடு எழுதிவைத்தல் வேண்டும். எழுதப்படாத பெயர் ஒன்று இடையில் வருமாயின் தொகுப்பி நிரலை ஏற்க மறுத்துவிடும். பைதனிலோ அத்தகைய கட்டுப்பாடு யாதுமில்லை. பதினாறு வயதில் கட்டாயம் என்று கற்ற ஒன்றை மாணவன் பதினேழு வயதில் தேவையற்றதென்று கைவிடுகின்றான். முன்னர் ஏன் விதிக்கப்பட்டது என்றோ பின்னர் ஏன் விலக்கப்பட்டது என்றோ அவனுக்கு எடுத்துரைப்பார் அரியர். எனவே, முன்னையது வெறுஞ் சடங்கு என்ற முடிவுக்கே அவன் வருகின்றான். இம்முடிவோடு பல்கலைக்கழகத்தினுள் நுழைபவனைத் திருத்துதல் எளிதன்று.

முதலிற் பிரகடனம் என்பது யாதென்று தெளிதல் நன்று. இரண்டு வேறு செயல்கள் இச்சொல்லாற் குறிக்கப்படுகின்றன. ஒரு பெயர் உண்டென அறிவித்தல் ஒன்று. அப்பெயர் ஏற்கும் மதிப்பு முழுவெண்ணா, மெய்யெண்ணா, எழுத்துச்சரமா என வகை கூறுதல் மற்றொன்று. பிரகடனத்தை எதிர்ப்போரின் வாதங்களிற் பெரும்பாலானவை இரண்டாவதையே தாக்குகின்றன. ஆயின் தாக்குதலின் முடிவில் முதலாவதையும் சேர்த்துப் புதைத்துவிடுகின்றன. வகை கூறுதல் பற்றி அறிஞரிடையே நியாயமான கருத்து வேறுபாடு இருத்தல் கூடும். பெயரை அறிவித்தல் பற்றி அத்தகைய வேறுபாட்டுக்கு இடமில்லை. ஏனெனில், அதனைக் கைவிட்ட மொழியில் ‘புதிய பெயரொன்றைப் படைக்க’ என்பதற்கும் ‘பழைய பெயரின் மதிப்பை மாற்றுக’ என்பதற்கும் எழுத்துவடிவம் ஒன்றேயாகிவிடுகின்றது. எழுதியவன் எதனைக் கருதினான் என்பதைக் கணினி அறிய வழியில்லை. விரல் தவறிய இடத்தில் அது புதியதொரு மாறியைப் படைத்துவிட்டு அமைதியாக மேலே செல்கின்றது.

தமிழில் நிரல் எழுதுவோருக்கு இவ்விடர் ஏனையோரிலும் பெரிது. பைதன் மொழி 2008இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரிடுதலை ஏற்கின்றது. பௌதிகவியலில் முதற் பகுதிக்கு 40 புள்ளியும் இரண்டாம் பகுதிக்கு 35 புள்ளியும் பெற்ற மாணவன் ஒருவனின் மொத்தப் புள்ளியைக் கணிக்க மூன்று வரி நிரலொன்று எழுதப்படுவதாகக் கொள்க. முதல் வரி ‘பௌதிகம் = 40’. இரண்டாம் வரி ‘பெளதிகம் = பௌதிகம் + 35’. மூன்றாம் வரி பௌதிகத்தின் மதிப்பை அச்சிடுமாறு பணிப்பது. விடை 75 ஆதல் வேண்டும். கணினி அச்சிடுவதோ 40. பிழைச் செய்தி எதுவும் எழுவதில்லை.

காரணம் இரண்டாம் வரியின் இடப்பக்கத்தில் உள்ளது. முதல் வரியிலுள்ள பெயர் பகரத்தின் மேல் ஔகாரக் குறி ஏறியது. இரண்டாம் வரியின் இடப்பக்கத்துப் பெயர் எகரக் கொம்பு ஏறிய பகரமும் அதனையடுத்து ளகர எழுத்துமாகத் தட்டச்சிடப்பட்டது. பெரும்பாலான எழுத்துருக்களில் இவ்விரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். கொள்ளுப்பிட்டி என்னும் ஊர்ப்பெயரின் முதலெழுத்தாகிய ‘கொ’ என்பதையும் ஒருங்குறியில் இரு வகையாக அமைக்கலாம்: ஒகரக் குறியை ஒன்றாக இடலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் நியம விதி ஒருங்குறியில் உண்டு. பைதன் அதனைக் கைக்கொள்கின்றது, ஜாவாஸ்கிரிப்ட் கைக்கொள்வதில்லை. ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் இடையிலான மயக்கத்துக்கோ அவ்விதியிற் பரிகாரமே இல்லை. நூறு முறை ஒப்புநோக்கினும் மனிதக் கண் இப்பிழையைக் காணாது. 40 என்பது நம்பத்தகாத எண்ணுமன்று. எனவே விடையைக் கண்டு ஐயுறுவாரும் இலர். மாணவன் ஒருவனின் 35 புள்ளி எவர் கண்ணிலும் படாமல் மறைந்துவிடுகின்றது. பிரகடனத்தை வேண்டும் மொழியொன்றில் இதே நிரல் எழுதப்பட்டிருப்பின், இரண்டாம் வரியிலுள்ள பெயர் அறிவிக்கப்படாதது என்று வரியெண்ணோடு சுட்டி, நிரல் இயங்கத் தொடங்கு முன்னரே தொகுப்பி தடுத்திருக்கும்.

தமிழறிஞருக்கு இது புதியதொரு துன்பமன்று. ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இருக்கவில்லை. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தும் குறியும் இருக்கவில்லை. ஆகாரத்தைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒரே வடிவின. ஓலையைத் துளைக்காமல் விரைந்து எழுதுவதற்கு இவை வசதியாயிருந்தன என்பது மெய்யே. அவ்வசதிக்கான விலையைக் கொடுத்தவர்கள் பின்வந்தோர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றிய காலத்தில், எழுதியவன் ஒரு கணத்தில் விட்ட குறியைப் படிப்பவன் பல நாள் உழைத்து ஊகித்தறிய வேண்டியிருந்தது. எழுதுவோன் மிச்சம்பிடித்த சிறு முயற்சி படிப்போன் தலையிற் பெருஞ் சுமையாய் விழும் என்னும் இவ்வுண்மையைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு போல் தெளிவாக எடுத்துரைப்பது பிறிதில்லை. புள்ளி ஒரு சடங்கன்று, மிகையுமன்று. பிழையைப் பிழையென்று காட்டிக்கொடுக்கும் காவல் அது. நிரலில் அக்காவலைச் செய்வது பிரகடனம்.

கணினி மொழிகளின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பாக்கசின் தலைமையில் உருவாகி 1957இல் வெளிவந்த போர்ட்ரான் மொழி, அறிவிக்கப்படாத பெயர்களைத் தானே ஏற்றுக்கொண்டது. ஆங்கில நெடுங்கணக்கில் ஐ முதல் என் வரையுள்ள ஆறெழுத்துகளில் ஒன்றால் தொடங்கும் பெயர் முழுவெண் எனவும், ஏனையவை மெய்யெண் எனவும் அது கொண்டது. மேலும், சொற்களுக்கிடையே விடப்படும் வெளியையும் அது பொருட்படுத்தவில்லை. இவ்விரு வசதிகளும் ஒன்றுசேர்ந்ததன் விளைவு நாசா நிறுவனத்தில் வெளிப்பட்டது. ஒன்று முதல் பத்து வரை ஒரு கணிப்பை மீளச் செய்யுமாறு பணிக்கும் கட்டளையொன்றில், இரண்டு எண்களுக்கும் இடையே இடவேண்டிய காற்புள்ளிக்குப் பதிலாக முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. உடனே அக்கட்டளை முழுவதும் பொருள் திரிந்து, எவரும் கருதாத புதிய மாறியொன்றுக்கு 1.10 என்னும் மதிப்பை அளிக்கும் வாக்கியமாயிற்று. மேர்க்குரித் திட்டத்துச் சுற்றுப்பாதைக் கணிப்பு நிரலில் இருந்த இப்பிழை, பெருந் தீங்கு நேருமுன் 1960களின் முற்பகுதியிற் கண்டறியப்பட்டதாக அங்கே பணியாற்றிய நிரலாளர் ஒருவர் பதிவுசெய்துள்ளார்.

இதே காலத்தில் அல்கோல் 60 என்னும் மொழியை ஆராய்ந்த அறிஞர் குழுவில் ஓர் இளைஞர் இருந்தார். 1934இல் கொழும்பிற் பிறந்த சி. ஏ. ஆர். ஹோர் என்பாரே அவர். அல்கோலிலும் போர்ட்ரானைப் போன்று பிரகடனத்தை விருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்று அவர் அக்குழுவில் முன்மொழிந்தார். குழுவினர் பணிவோடும் உறுதியோடும் அதனை மறுத்துவிட்டனர். ஒன்றை இருமுறை கூறவைக்கும் அம்மிகையே நிரற்பிழைக்கு எதிரான சிறந்த பாதுகாப்பு என்பது அவர்கள் காட்டிய காரணம். 1980இல் ரியூறிங் விருதை ஏற்று ஆற்றிய உரையில் ஹோர் இந்நிகழ்ச்சியைத் தாமே எடுத்துக்கூறி, மறுத்தவர்களின் பக்கமே நியாயம் இருந்ததென்று ஒப்புக்கொண்டார். வசதியின் பக்கம் நின்று வாதாடிய ஒருவரே பின்னர் மறுபக்கத்துக்குச் சான்றாகியமை மனங்கொள்ளத்தக்கது.

அவ்வுரையிலேயே ஹோர், வெள்ளிக் கோளை நோக்கி ஏவப்பட்ட மரினர் விண்கலம் போர்ட்ரானிற் பிரகடனம் கட்டாயமாக இல்லாமையால் அழிந்தது என்றும் குறிப்பிட்டார். பிரகடனத்தை ஆதரிப்போர் இதனை இன்றுவரை மேற்கோளாகக் காட்டுவர். ஆயின் இது பொருந்தாச் சான்று. 1962 யூலை 22இல் ஏவப்பட்டு ஐந்து நிமிடம் கழியுமுன் அழிக்கப்பட்ட மரினர் 1இன் கேட்டுக்கு, வழிகாட்டற் சமன்பாட்டில் குறியொன்றின் மேல் இடவேண்டிய சிறு கோடு கைப்பிரதியில் விடுபட்டமையே காரணமாகக் கூறப்படுகின்றது. அத்தகைய பிழையை எந்தப் பிரகடனமும் தடுத்திராது. மேர்க்குரித் திட்டத்துக் கதையும் மரினர் கதையும் நாளடைவில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. வலிய வாதத்துக்குத் தவறான சான்று துணையாவதில்லை. அது எதிராளியின் கைக்கு வாளாகவே அமையும். பிரகடனம் எல்லாப் பிழைகளையும் தடுக்கும் என்று எவரும் கூறவேண்டியதில்லை. ஒருவகைப் பிழையை, மிகக் குறைந்த செலவில், ஐயத்துக்கிடமின்றித் தடுக்கும் என்பதே போதுமானது.

பிரகடனத்தைக் கைவிட்ட மொழிகள் பின்னர் யாது செய்தன என்பதையும் நோக்குதல் வேண்டும். போர்ட்ரான் அதன் 1990ஆம் ஆண்டுத் தரத்தில், அறிவிக்கப்படாத பெயரை ஏற்காதே என்று பணிக்கும் கட்டளையொன்றைச் சேர்த்துக்கொண்டது. 1964இல் டார்ட்மத் கல்லூரியிற் பிறந்த பேசிக் மொழியின் வழிவந்த விசுவல் பேசிக்கும் பிரகடனத்தைக் கட்டாயமாக்கும் வாசகத்தை அளித்தது. பேர்ள் மொழியிலும் அவ்வாறே. 1995இல் வெளிவந்த ஜாவாஸ்கிரிப்ட், அறிவிக்கப்படாத பெயருக்கு மதிப்பளித்தால் நிரல் முழுவதற்கும் பொதுவான மாறியாக அதனை ஆக்கிவிடும் இயல்பினது. 2009இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பிலே அதற்கும் கடுநெறியொன்று வகுக்கப்பட்டது. 2012இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் வெளியிட்ட ரைப்ஸ்கிரிப்ட் அதற்கு வகைப் பிரகடனத்தையும் சேர்த்தது. பைதனுங்கூட 2015 முதல் வகைக் குறிப்புகளுக்கும், 2016 முதல் மாறிகளின் மேல் நேரே எழுதும் குறிப்புகளுக்கும் இடமளித்துள்ளது. கதவைக் கழற்றி எறிந்த வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் சில ஆண்டுகள் கழிந்ததும் தச்சனைத் தேடிச் சென்றமைக்கு இதனிலும் சான்று வேண்டுமா?

கொள்ளுப்பிட்டியிலேயே இதற்கு நேரிய எடுத்துக்காட்டொன்று உண்டு. 2005இல் சஞ்சீவ வீரவரண முதலியோரால் நிறுவப்பட்டு, நெடுங்காலமாகக் கொள்ளுப்பிட்டியைத் தளமாகக் கொண்டு இயங்கிவந்துள்ள டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் பலரினா என்னும் நிரல்மொழியை உருவாக்கியது. 2017இல் அறிவிக்கப்பட்ட அம்மொழியின் முதலாம் நிறைபதிப்பு 2019இல் வெளிவந்தது. வலையமைப்புகளினூடே ஒன்றோடொன்று பேசும் நிரல்களை எழுதுவதே அதன் நோக்கம். பைதனும் ஜாவாஸ்கிரிப்டும் உலகெங்கும் கோலோச்சிய காலத்தில் ஆக்கப்பட்டதாயினும், அம்மொழி பிரகடனத்தைக் கைவிடவில்லை. ஒவ்வொரு மாறியும் வகை கூறியோ, வகையைத் தொகுப்பியே உய்த்துணருமாறு ஒரு சிறு சொல்லை முன்னிட்டோ அறிவிக்கப்படுதல் வேண்டும். முழுவெண்ணை மெய்யெண்ணாகத் தானே மாற்றிக்கொள்ளவும் அது இசைவதில்லை. காலி வீதியை அண்டிய அலுவலகங்களில் அமர்ந்து உலகச் சந்தைக்காக மொழியொன்றை வகுத்தோர் பழமைப்பற்றினால் இவ்வாறு செய்தனர் என்று எவரும் கூறத் துணியார். பல நிறுவனங்களின் கணினிகளைத் தொடுக்கும் நிரலில் ஒரு பெயர் தவறினால், தவறு எங்கு நிகழ்ந்ததென்று தேடுவதற்கே நாட்கள் கழியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இனி, எதிர்ப்போர் கூறும் நியாயங்களைத் தனித்தனியே எடைபோடலாம்.

பிரகடனம் தொடக்க மாணவனுக்குச் சுமை என்பது முதலாவது. ஒரு மாறிக்கு ஒரு சொல் கூடுதலாக எழுதுதல் எவ்வளவு சுமை? வகையைத் தொகுப்பியே உய்த்துணரும் இக்காலத்து மொழிகளில் அச்சுமையும் ஒரு சிறு சொல்லாகக் குறைந்துவிட்டது. மாறாக, மூன்று வரி நிரலில் 75க்குப் பதிலாக 40 வந்ததேன் என்று அறியாது இரவு முழுவதும் திகைத்திருத்தலே தொடக்க மாணவனுக்கு உண்மையான சுமை. தேர்ச்சி பெற்றவன் தன் பிழையைத் தேடிக் கண்டுபிடிக்க வழியறிவான். தொடக்க மாணவனுக்கே காவல் வேண்டும்.

சோதனைகளால் பிழை வெளிப்பட்டுவிடும் என்பது இரண்டாவது. சோதனை, தான் சென்ற வழியிலுள்ள பிழையையே காணும். தவறிய பெயர் சமன்குறியின் வலப்பக்கத்தில் வருமாயின் பைதனும் முறையிடும் என்பது உண்மை; ஆயின் அவ்வரி இயங்கும் கணத்தில்தான் முறையிடும். ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் நாளில் மட்டும் இயங்கும் பகுதியில் அவ்வரி இருப்பின், முறையீடும் ஆண்டிறுதியிலேயே எழும். இடப்பக்கத்தில் வருமாயின் அம்முறையீடும் இல்லை.

நிரலாய்வுக் கருவிகளும் பெயரைத் தாமே நிறைவுசெய்யும் பதிப்பான்களும் வந்துவிட்டன, இனிப் பிரகடனம் எதற்கு என்பது மூன்றாவது. இக்கருவிகள் பயனுடையன என்பதில் ஐயமில்லை. ஆயின் அவை செய்வது யாது? எழுதியவன் கூறாது விட்டதை ஊகித்தறிய முயல்வதே. தாமோதரம்பிள்ளை ஓலையிற் செய்ததை அவை திரையிற் செய்கின்றன. ஒரே ஒரு சொல்லால் உறுதியாகத் தெரிவிக்கக்கூடியதைத் தெரிவியாது விட்டு, அதனை ஊகிக்கும் கருவியைப் புகழ்தல் முறையாகாது.

பைதனால் உலகில் அரும்பெருங் காரியங்கள் நிகழ்ந்துள்ளன என்பது நான்காவது. இதுவும் உண்மையே. ஆய்வாளன் ஒருவன் தரவை ஒருமுறை அலசிப் பார்த்துவிட்டு எறிந்துவிடும் சிறு நிரலுக்கு அதன் தளர்ச்சி பொருத்தமானது. ஆயின், எழுதியவனுக்குப் பின்னும் வாழப்போகும் நிரலுக்கு அத்தளர்ச்சியை அளவுகோலாகக் கொள்ளலாகாது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் வண்ணம் முத்து அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ மொழியும் பிரகடனம் வேண்டாத வழியையே பின்பற்றியது. அம்முயற்சி பாராட்டுக்குரியது. ஆயினும், ஔகாரக் குறியும் ளகரமும் மயங்கும் எழுத்தில் நிரல் எழுதுவோருக்கு ஆங்கிலத்தில் எழுதுவோரிலும் கூடுதலான காவல் வேண்டும் என்பதை இனித் தமிழில் மொழி வகுப்போர் கருத்திற் கொள்ளுதல் கடன்.

பிரகடனம் ஒன்றே போதும் என்று இதனாற் பெறப்படாது. தவறிய பெயர் தற்செயலாக அறிவிக்கப்பட்ட வேறொரு பெயராகவே அமைந்துவிட்டால், தொகுப்பி வாளாவிருக்கும். ஆகவே பெயரிடுதலிலும் ஒழுங்கு வேண்டும். ஓரெழுத்தால் மட்டும் வேறுபடும் இரு பெயர்கள் ஒரே நிரலில் இடம்பெறலாகாது. தமிழில் இதற்கு மேலும் ஒரு விதி தேவை: மயங்கொலி எழுத்துகளால் மட்டும் வேறுபடும் பெயர்களை அறவே விலக்குதல் வேண்டும். ‘விலை’யும் ‘விளை’யும், ‘அரை’யும் ‘அறை’யும் ஒரு நிரலில் அருகருகே மாறிகளாக நின்றால், நாவிற் பிறழ்வது விரலிலும் பிறழும். மாறியை அது முதன்முதற் பயன்படும் இடத்துக்கு அண்மையிலேயே அறிவித்து, அறிவிக்கும்போதே அதற்குத் தொடக்க மதிப்பையும் அளித்தல் நன்று. நீண்ட பெயரை மீளத் தட்டச்சிடாது பதிப்பான் காட்டும் பட்டியலிலிருந்து தெரிந்தெடுத்தல் நன்று. எல்லாவற்றிலும் மேலாக, அச்சகங்களில் ஒருவர் வாசிக்க மற்றவர் படியைச் சரிபார்க்கும் பழைய ஒப்புநோக்கல் முறையை நிரலுக்கும் கைக்கொள்ளுதல் வேண்டும். எழுதியவன் தான் எழுதக் கருதியதையே வாசிப்பான். பிறன் ஒருவனே எழுதப்பட்டதை வாசிப்பான்.

பெயர் ஓரெழுத்தால் மாறுவதன் துன்பத்தை இந்நாட்டுத் தமிழ் மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் தேசிய அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் பெயர் பதிவாகிவிட்டமையால், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு அலுவலகப் படிகளில் ஏறியிறங்குவோர் வெள்ளவத்தையிலும் உளர், கொட்டாஞ்சேனையிலும் உளர். எழுதுவினைஞன் ஒருவனின் விரல் தவறியதற்கு ஒரு குடும்பம் பல நாள் அலைகின்றது. சம்பளப் பட்டியல், வைத்தியசாலைப் பதிவு, பரீட்சைப் பெறுபேறு ஆகிய யாவும் இன்று நிரல்களின் வழியே செல்கின்றன. நிரலினுள்ளே மாறும் பெயருக்குச் சத்தியக் கடதாசியும் இல்லை. அங்கு நிகழ்ந்த தவறு பாதிக்கப்பட்டவன் கண்ணுக்குத் தெரிவதுமில்லை.

பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் முயற்சியால் 1987இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட கணினித் தொழினுட்ப நிறுவகம் 2002இல் கணினிக் கல்லூரியாக விரிந்தது. அங்கும் நாட்டின் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் நிரலாக்கம் கற்பிப்போர் கைகளிலேயே இப்பூசலின் முடிவு தங்கியுள்ளது. பைதனைக் கற்பித்தலாகாது என்பதன்று கோரிக்கை. பைதனிலேயே எழுதப்படினும், மாறிகளின் மேல் குறிப்பு எழுதாத நிரலுக்கும் ஆய்வுக் கருவியால் சோதிக்கப்படாத நிரலுக்கும், விடை சரியாயினும் முழுப் புள்ளி வழங்கலாகாது. விடைக்கு மட்டும் புள்ளி வழங்கும் ஆசிரியன், அடுத்த நிரலில் எங்கோ மறையவிருக்கும் 35 புள்ளிக்கு இன்றே பொறுப்பாளியாகின்றான். பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே வருமாறு மாறியைக் கேட்டல் அதிகாரச் செருக்கன்று. உள்ளே இருப்போருக்குச் செய்யும் கடமை.